ஒரு கிலோமீட்டர் யாருக்கு? சேலத்தில் பள்ளியைப் பார்த்து வீடு வாங்குவது பற்றி

சிங்கப்பூரில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேலத்துக்கே திரும்பிவிடுவது என்று முடிவெடுத்த என் சித்தப்பா மகன், போன பொங்கலுக்கு வீடு தேட வந்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்து மேப்பைக் காட்டினான். மூன்று தனியார் பள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டு வைத்திருந்தான். “இந்த மூணு வட்டத்துக்குள்ள எங்க வீடு கிடைச்சாலும் வாங்கிடலாம்ண்ணா” என்றான். அவன் மகளுக்கு மூன்றரை வயது.

அவன் வாழ்ந்த ஊரில் அந்த வட்டத்துக்கு அர்த்தம் உண்டு. சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றாம் வகுப்பில் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால், வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தைப் பார்ப்பார்கள். முதலில் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள், அடுத்து ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் இருப்பவர்கள், கடைசியில் மற்றவர்கள். அந்த முகவரியைக் காட்டி இடம் வாங்கினால் குறைந்தது 30 மாதமாவது அங்கே குடியிருந்தாக வேண்டும். இங்கிலாந்திலும் பல பள்ளிகளில் கடைசி இடம் எத்தனை மீட்டர் தொலைவில் இருந்த பிள்ளைக்குக் கிடைத்தது என்பதை வெளியிடுகிறார்கள், அதைப் பார்த்துத்தான் பெற்றோர் வீடு தேடுகிறார்கள். அங்கெல்லாம் தெரு மாறினால் பள்ளியே மாறிவிடும்.

சேலத்தில் அப்படி இல்லை. கட்டணம் கட்டிச் சேரும் தனியார் பள்ளியில், வீட்டு தூரத்தை வைத்துப் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் அரசு விதி எதுவும் கிடையாது. ஓமலூரிலிருந்து வேனில் வரும் பிள்ளையும் எதிர்வீட்டுப் பிள்ளையும் ஒரே விண்ணப்பத்தைத்தான் நிரப்புகிறார்கள். அரசுப் பள்ளியிலோ சேர வரும் குழந்தையைத் திருப்பி அனுப்பவே கூடாது. அப்படியிருந்தும் வீட்டு விளம்பரங்களில் “பள்ளிக்கு மிக அருகில்” என்ற வரி முதலில் நிற்கிறது, அதற்காகவே சதுர அடிக்குக் கூடுதல் விலையும் சொல்கிறார்கள். சட்டத்தில் இருக்கும் ஒரு கிலோமீட்டர் எது, நம் மனதில் இருக்கும் ஒரு கிலோமீட்டர் எது என்று பிரித்துப் பார்க்காமல் பத்திரம் பதிவது, பின்னால் பல வருடம் உறுத்தக்கூடிய காரியம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் தூரம் சட்டமாக வரும் முக்கியமான இடம், 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். நாம் ஆர்.டி.இ. என்று சொல்வது இதைத்தான். சுயநிதித் தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும், அந்தக் கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். தமிழ்நாட்டில் நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக்குச் சாதிச் சான்றோ, ஆதரவற்ற குழந்தை, மாற்றுத்திறனாளிக் குழந்தை போன்ற நிலையோ அடிப்படை. இந்த ஒதுக்கீட்டில்தான் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்ற கணக்கு வருகிறது.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் விஷயம், சட்டம் கேட்பது குடியிருப்பை மட்டும்தான் என்பது. வீடு சொந்தமா வாடகையா என்று அது கேட்கவில்லை. பொன்னம்மாப்பேட்டையில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கும் தறித் தொழிலாளியின் பிள்ளைக்கும், அதே தெருவில் மாடி வீடு கட்டியவரின் பிள்ளைக்கும் அந்த ஒரு கிலோமீட்டர் ஒன்றுதான். இந்த இடத்துக்காக யாரும் ஒரு சென்ட் நிலம்கூட வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது, விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமானால் குலுக்கல். எல்.கே.ஜி.யில் 60 இடம் உள்ள பள்ளியில் 25 சதவீதம் என்றால் 15 பிள்ளைகள். பதினாறாவது சீட்டில் நம் பிள்ளையின் பெயர் இருந்தால் அவ்வளவுதான். 30 லட்சமோ 50 லட்சமோ போட்டு வாங்கும் வீட்டை ஒரு குலுக்கலை நம்பி வாங்குவது சரியில்லை. அந்தச் சேர்க்கையும் எல்லா வருடமும் நேரத்துக்கு நடக்கும் என்று சொல்ல முடியாது. 2025-26 கல்வியாண்டில் மத்திய அரசிடமிருந்து நிதி வராத பிரச்சினையில் சேர்க்கை தள்ளிப்போய், பள்ளி திறந்து நான்கு மாதம் கழித்து அக்டோபரில்தான் தொடங்கியது. அந்த நான்கு மாதமும் பிள்ளையை எங்கே அனுப்புவது, கட்டணம் கட்டிச் சேர்ப்பதா காத்திருப்பதா என்று தவித்த பெற்றோர் சேலத்திலும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. சேலத்திலும் ஏற்காட்டிலும் பழம்பெயர் பெற்ற பள்ளிகளில் பல கிறிஸ்தவ சபைகள் நடத்துபவை. அப்படிச் சிறுபான்மை நிறுவனமாக இருக்கும் பள்ளியைச் சுற்றி ஆர்.டி.இ. இடத்துக்காக வட்டம் போட்டால் அந்த வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்தப் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் இருக்கிறதா என்பதைப் பள்ளிக் கல்வித் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த இடம் வீட்டோடு கூட வராது. சட்டத்தின் 5ஆவது பிரிவு, பிள்ளை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது, ஆனால் சுயநிதித் தனியார் பள்ளிக்கு மாறும்போது அந்த உரிமை கிடையாது. சூரமங்கலத்தில் வாடகை வீட்டில் இருக்கும்போது 25 சதவீதத்தில் எல்.கே.ஜி. சேர்த்தாயிற்று. பிள்ளை மூன்றாவது படிக்கும்போது அயோத்தியாப்பட்டணத்தில் வீடு வாங்கினால், அங்கே உள்ள தனியார் பள்ளியில் அதே இலவச இடத்தைக் கேட்டுப் பெற முடியாது. தினமும் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் இடத்தை விட வேண்டும். வாடகையில் இருந்து சொந்த வீட்டுக்குப் போகிற குடும்பங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

எட்டாம் வகுப்போடு அந்த இலவசமும் முடிகிறது. ஒன்பதாவதில் முழுக் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது அரசுப் பள்ளிக்கு மாற வேண்டும். மாறுவதைத் தோல்வியாக நினைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020ல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. ஆனால் ஆர்.டி.இ. இடத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் அதில் சேர்கிறார்கள். அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அந்த ஒதுக்கீடு வந்துவிட்டது. எனவே வீடு பார்க்கும்போது எல்.கே.ஜி. எங்கே என்று கேட்பதோடு, அரசு மேல்நிலைப் பள்ளி எத்தனை தூரம் என்றும் கேட்க வேண்டும். நான் பார்த்தவரை புரோக்கரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் நாங்களும் கேட்கவில்லை. கன்னங்குறிச்சிப் பக்கம் நாங்கள் வீடு வாங்கியபோது மகள் யு.கே.ஜி. பள்ளி நானூறு மீட்டர். மனைவி நடந்தே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து இட்லிக்கு மாவு கரைத்து வைப்பாள், அவ்வளவு பக்கம். அதற்காகவே பட்ஜெட்டை மீறினோம். ஆனால் அந்தப் பள்ளி ஐந்தாம் வகுப்பு வரைதான். “சீக்கிரம் பத்தாவது வரைக்கும் கொண்டு வந்துடுவோம்” என்று அவர்கள் சொன்னதை நம்பினோம், அது நடக்கவில்லை. ஆறாம் வகுப்புக்கு ஐந்து ரோடு சந்திப்பைத் தாண்டிப் போக வேண்டியதாயிற்று. எந்த தூரத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்தோமோ அந்த தூரம் ஐந்தாறு வருடம் மட்டும்தான் எங்களோடு இருந்தது. வீட்டுக் கடன் இருபது வருடத்துக்கு.

அந்தக் கூடுதல் விலையைக் கணக்காகவே பார்ப்போம். பள்ளி பக்கம் என்பதற்காக 10 லட்சம் அதிகம் கொடுக்கிறோம், அதைக் கடனாக வாங்குகிறோம் என்றால், 8.5 சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 8,700 ரூபாய். பத்திரப் பதிவில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது இந்த 10 லட்சத்துக்கு மட்டும் இன்னும் 90,000. பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்து, சொந்த வீட்டை வேறு இடத்தில் வாங்கி அதை வாடகைக்கு விடுகிற குடும்பங்கள் அழகாபுரத்திலும் பேர்லேண்ட்ஸிலும் இருக்கின்றன. முன்பெல்லாம் அவர்களைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருக்கும். இப்போது அவர்கள் கணக்கு சரியாகத்தான் படுகிறது.

தூரமே முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிச் சேர்க்கையில் அதற்கு வேலை குறைவு, பிள்ளையின் அன்றாடத்தில் அதற்கு வேலை அதிகம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆறாவது முதல் எட்டாவது வரை ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 மணி நேரப் பாடம் என்று சொல்கிறது. வேனில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்றால் நாளைக்கு ஒன்றரை மணி நேரம், 220 நாளில் 330 மணி நேரம். பாடம் நடக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்தப் பிள்ளை வேனில் உட்கார்ந்தே கழிக்கிறது. வேனில் ஏறும் முதல் பிள்ளை என்றால் காலை ஆறரைக்கே வாசலில் நிற்க வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவதில் சிறப்பு வகுப்பு வேறு சேர்ந்தால் மாலை இருட்டிய பிறகுதான் வீடு. பெண் பிள்ளை என்றால் அந்த இருட்டு எத்தனை குடும்பங்களின் முடிவை மாற்றுகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். நன்றாகப் படிக்கிற பெண்ணை “பஸ்சு மாறிப் போகணுமே” என்ற ஒரே காரணத்துக்காகப் பிடித்த குரூப் இல்லாத பக்கத்துப் பள்ளியில் சேர்த்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021ல் வந்தது இதில் பெரிய உதவிதான். ஆனாலும் அந்தத் தெருமுனைக்குப் பஸ் வர வேண்டும், அதுவும் ஆறரை மணிக்கு வர வேண்டும்.

மேப்பில் போட்ட வட்டம் சேலத்தில் எப்படி ஏமாற்றும் என்பதற்கு பைபாஸ் ஒன்றே போதும். கருப்பூரிலிருந்து கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி வழியாக நாமக்கல் பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலை நகரத்தின் மேற்கையும் தெற்கையும் கோடு போட்ட மாதிரி வெட்டுகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் பள்ளி. நேர்கோட்டில் பார்த்தால் நானூறு மீட்டர்கூட இருக்காது. சர்வீஸ் ரோட்டில் போய், பாலத்துக்கு அடியில் திரும்பி, எதிர்ப்புறம் வர வேண்டும் என்றால் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர். திரும்பிப் போக அலுத்து, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் தடுப்பைத் தாண்டும் பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு கலங்கும். நகருக்குள் விருத்தாசலம் ரயில் பாதை இதே வேலையைச் செய்கிறது. முள்ளுவாடி கேட், அணைமேடு என்று சொன்னாலே, கேட் போட்டுப் பள்ளிக்கு நேரமாகிவிட்ட ஞாபகம் பழைய சேலத்துக்காரர்களுக்கு வரும். மழைக்காலத்தில் சிவதாபுரம், கிச்சிப்பாளையம் நாராயணன் நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் தண்ணீர் நின்றால் ஒரு கிலோமீட்டரே பெரிய தூரமாகிவிடும்.

இதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்காமல் இல்லை. மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர், எட்டாவது வரை மூன்று கிலோமீட்டர் என்று சொல்லும்போது “நடந்து போகும் தூரம்” என்றே சொல்கின்றன. வெள்ளம், நிலச்சரிவு, சாலை வசதியின்மை, வழியில் சிறு குழந்தைகளுக்கு ஆபத்து ஆகியவை உள்ள இடங்களில் அந்த எல்லையைக் குறைத்து, ஆபத்தில்லாதபடி பள்ளியை அமைக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. பள்ளி கட்டும் அரசுக்குச் சொன்ன அளவுகோல் அது. வீடு வாங்கும் நமக்கும் அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

புறநகர் மனைப்பிரிவுகளில் இன்னொரு சிக்கல். வீராணம், அயோத்தியாப்பட்டணம், ஓமலூர் சாலை என்று எந்தப் பக்கம் போனாலும் “பள்ளிகள் சூழ்ந்த மனைகள்” என்ற பலகை இருக்கும். அங்கே பள்ளி எங்கே என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், பின்னால் தார் போடுவதும் விளக்குப் போடுவதும் உள்ளாட்சியின் பொறுப்பு. அங்கீகாரம் இல்லாத இடத்தில் சாலை மண்ணாகவே கிடக்கும், மழையில் பள்ளி வேன் உள்ளே வராது, “மெயின் ரோட்டுக்கு வந்து ஏத்துங்க” என்று சொல்லிவிடுவார்கள். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் புரட்டும்போது இந்தச் சாலை விஷயத்தையும் பார்ப்பது பள்ளிக்காகவும்தான்.

ஏற்காட்டில் இந்தக் கதை தலைகீழ். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு. 1917ல் தொடங்கிய மான்ட்போர்ட் போன்ற பள்ளிகளுக்கு எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். விடுதிப் பள்ளிக்காக மலையில் வீடு வாங்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. வாங்க நினைத்தாலும் ஏற்காடு, மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வரும் இடம், சமவெளி மனை மாதிரி நினைத்த இடத்தில் பிரித்துக் கட்டிவிட முடியாது. அதே மலையில், தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் மலைவாழ் மக்களின் சிற்றூர்களில், உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு மூன்று கிலோமீட்டர் என்றால் ஏற்றமும் இறக்கமும் மூடுபனியுமாக மூன்று கிலோமீட்டர். பள்ளி இல்லாத சிறு குக்கிராமங்களின் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்தோ தங்கும் வசதியோ செய்து தர வேண்டும் என்று மேலே சொன்ன விதிகளிலேயே இருக்கிறது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இயங்குவதும் இந்தத் தேவைக்காகத்தான். பள்ளிக்கு அருகில் வீடு என்ற தேர்வே அந்தப் பெற்றோருக்குக் கிடைத்ததில்லை. ஆறு, ஏழு வயதிலேயே பிள்ளையைப் பிரிந்து இருப்பதுதான் அவர்கள் தூரத்துக்குக் கொடுக்கும் விலை. சேலத்தில் சதுர அடிக்கு எத்தனை என்று பேசும்போது அது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

தம்பியிடம் இதையெல்லாம் ஒரே இரவில் சொல்லவில்லை. மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு அவனை என் வண்டியில் பின்னால் உட்கார வைத்து, அவன் பார்த்து வைத்திருந்த முதல் வீட்டிலிருந்து கிளம்பினேன். சின்னத் திருப்பதி தாண்டும்வரை சுகமாகப் போனது. அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போகும் கார்களும், மூன்று பள்ளி வேன்களும், காய்கறி மூட்டையோடு ஒரு ஆட்டோவும் ஒன்றாகச் சேர்ந்து நின்றன. ஒரு அம்மா ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பிள்ளையையும் பின்னால் ஒரு பிள்ளையையும் வைத்துக்கொண்டு, பின்னால் இருந்தவனிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஏழெட்டு ஐம்பத்தாறில் நின்றுவிட்டான், சிக்னல் விழுந்துவிட்டது. அங்கிருந்து சாரதா கல்லூரி சாலைக்குத் திரும்பும்போது தம்பி போனில் இருந்த மேப்பை மூடிவிட்டான்.

ஜூனில் குடும்பத்தோடு வந்து அழகாபுரத்தில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறான். பாப்பா பக்கத்திலேயே ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. போகிறாள். வீடு வாங்குவதற்கு இப்போது அவன் பார்ப்பது பன்னிரண்டாவது வரை உள்ள பள்ளிகள், பஸ் தடம், பைபாஸைக் கடக்காத தெருக்கள். பிடித்த வீடு ஒன்று கண்ணில் பட்டால் பள்ளி நாள் ஒன்றில் காலை ஏழே முக்காலுக்கு அங்கே போய் நின்று, பள்ளி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு நேரத்தை அனுப்புகிறான். போன வாரம் வந்தது: “27 நிமிஷம்ண்ணா. மழை இல்லாத நாள்ல.”